பொன்னாடையைக் காட்டினால் டிக்கெட் கிழிப்பாரா?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, சபையோரே, வணக்கம்.

எங்கள் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்தில் ஆறு மாதம் சம்பளமில்லாமல் வேலை செய்த பயிலுநர்களுக்கு நன்றி சொல்ல ஏற்றது பொன்னாடையா, கொடுப்பனவா? இதுதான் தலைப்பு. நான் கொடுப்பனவு அணி.

எதிரணித் தலைவர் "சேவைக்கு விலை பேசலாமா?" என்று உருகினார். பேசக்கூடாதுதான். ஆனால் மினிபஸ் கொண்டக்டர் பேசுகிறாரே! பொன்னாடையைக் காட்டினால் டிக்கெட் கிழிப்பாரா?

சரி, இந்தப் பிள்ளைகள் அப்படி என்னதான் செய்தார்கள்? 2025 மார்ச் 28ஆம் திகதி இலங்கை அரசின் வர்த்தமானி அறிவித்தல் ஒன்று வந்தது, மறந்திருக்க மாட்டீர்கள். வடக்கில் ஐயாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காணிக்கு மூன்று மாதத்துக்குள் உரிமை கோர வேண்டும், தவறினால் அரச காணி. பின்னர் அரசு அதை மீளப்பெற்றது, அது வேறு கதை. அந்த மூன்று மாதமும் சனம் எங்கே போனது? இந்த அலுவலக வாசலுக்குத்தான்.

வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு அம்மா வந்தார். 2004 சுனாமி வீட்டோடு காணி உறுதிப் பத்திரத்தையும் கொண்டுபோய்விட்டது. அவரிடம் மிஞ்சியது எல்லைகள் மட்டும்தான்: கிழக்கே கடல், மேற்கே தம்பியாரின் பனங்காணி. நெடுந்தீவுப் பிள்ளை ஒருத்தி, இருபத்திரண்டு வயது, பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு அதையெல்லாம் கேட்டு எழுதினாள். நடுவில் அந்த அம்மா அழுதார், பேனையை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுத்துக் கொடுத்தாள். பிறகு, உறுதியின் பிரதி கிடைக்குமா என்று பார்க்கக் காணிப் பதிவகத்துக்கும் கூடவே போனாள். பஸ் காசு அவளுடையது. இதற்குப் பெயர் பயிற்சியாம்.

"காசு கொடுத்தால் சேவை மனம் போய்விடும்" என்றார் எதிரணித் தங்கை. எம்.பி. ஐயாவுக்கும் கொடுப்பனவு இருக்கிறது, அதற்காக அவருடைய சேவை மனத்தை நான் சந்தேகிக்கலாமா? (முன்வரிசையில்தான் இருக்கிறார். சந்தேகிக்கவில்லை, ஐயா.)

இன்னொன்று. சும்மா வேலை செய்ய யாரால் முடியும்? நல்லூரில் வீடும் அப்பாவின் மோட்டார் சைக்கிளும் உள்ளவனால் முடியும். தீவுப் பிள்ளைக்குக் குறிகட்டுவான் வரை படகு, அங்கிருந்து பஸ், பிறகு பட்டணத்தில் அறை வாடகை. அவளை அடுத்த முறையும் வரச் சொல்கிறோமா, இல்லையா?

பொன்னாடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போர்த்துங்கள், படமும் எடுங்கள். மடிப்புக்குள் ஒரு கடித உறை இருக்கட்டும்.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பைக் கொஞ்சம் சுருக்கமாகச் சொல்லுங்கள். இந்த மண்டபத்தில் கதிரை அடுக்கியதும் அந்தப் பிள்ளைகள்தான். நீங்கள் எல்லாரும் போனபிறகு அவர்கள்தான் அதை மடித்து வைக்க வேண்டும். நெடுந்தீவுக்கு இனி இன்றைக்குப் படகும் இல்லை.