முதல் ஈ எப்போது வந்தது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இன்றைக்குப் பிணத்தில் நெளியும் புழுக்களைப் பற்றித்தான் பேசப் போகிறேன். கேட்க அருவருப்பாக இருக்கலாம். ஆனால் ஒரு கொலை வழக்கில் ஒருவர் சிறைக்குப் போவதா வீட்டுக்குப் போவதா என்பதைச் சில சமயம் அந்தப் புழுவின் வயதுதான் தீர்மானிக்கிறது. அதனால் கொஞ்சம் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

ஓர் உடல் கண்டெடுக்கப்பட்டதும் எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "இறந்து எவ்வளவு நேரமாச்சு?" என்பது. சந்தேகத்துக்கு உள்ளானவர் அந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதில்தான் பாதி வழக்குகள் நிற்கின்றன. முதல் ஒன்றிரண்டு நாட்களுக்குள் என்றால் மருத்துவரிடம் பதில் இருக்கிறது. உடலின் சூடு எவ்வளவு இறங்கியிருக்கிறது, கை கால் விறைத்திருக்கிறதா, ரத்தம் அடிப்பக்கம் தேங்கித் தோல் நிறம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார். ஆனால் சூடு இறங்கி இறங்கி, சுற்றுப்புறத்தின் சூட்டுக்கே வந்துவிட்டால் அதற்குமேல் அது எதையும் சொல்லாது. விறைப்பும் தளர்ந்துவிடும். மூன்றாம் நாள் தாண்டினால் மருத்துவரின் கணக்கு மங்கத் தொடங்குகிறது. அங்கேதான் ஈ வருகிறது.

எல்லா ஈயும் இல்லை. பச்சையாகவும் நீலமாகவும் உலோகம் போல மின்னும் பெரிய ஈக்கள் உண்டே, அவைதான். பூச்சியியலில் ப்ளோ ஃப்ளை குடும்பம் என்பார்கள். லூசிலியா, கிரைசோமியா, கேலிஃபோரா இவையெல்லாம் அந்தக் குடும்பத்துப் பெயர்கள். வெயில் காலத்தில், திறந்த வெளியில், பகல் நேரத்தில் ஓர் உடல் கிடந்தால் இவை சில நிமிடங்களிலேயே வந்துவிடும். நம் மூக்குக்கு ஒரு வாடையும் எட்டாத நேரத்தில் அவை மோப்பம் பிடித்துவிடுகின்றன.

வந்த பெண் ஈ உடனே முட்டையிட்டு விடுவதில்லை. காலால் தொட்டுப் பார்க்கும், அங்கும் இங்கும் நடக்கும். கண்ணின் ஓரம், மூக்குத் துளை, வாய், காது, காயம் இருந்தால் காயம் என்று ஈரமும் நிழலும் உள்ள இடமாகத் தேடும். பொரிந்து வரும் குஞ்சுப் புழுவால் முரட்டுத் தோலைத் துளைக்க முடியாது. அதனால்தான் மெல்லிய இடத்தைத் தேடுகிறது. இடம் பிடித்துவிட்டால் நூறு, இருநூறு முட்டைகளைக் கொத்தாக இட்டுவிடும். அரிசி நொய் ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். அந்த நொடியில் ஒரு கடிகாரம் ஓடத் தொடங்குகிறது.

இந்தக் கடிகாரத்தை நம்புவதற்கு முன்னால் மனிதன் ஒரு பழைய நம்பிக்கையைக் கைவிட வேண்டியிருந்தது. இறைச்சி அழுகினால் அதிலிருந்து புழு தானாகவே உண்டாகும் என்றுதான் வெகுகாலம் நினைத்தார்கள். 1668-ல் இத்தாலியில் ஃபிரான்செஸ்கோ ரெடி ஒரு ஜாடியைத் திறந்து வைத்தார், இன்னொன்றைத் துணியால் மூடினார். மூடிய ஜாடியின் இறைச்சியில் புழு வரவில்லை. புழுவுக்குத் தாய் உண்டு, பிறந்த நேரம் உண்டு என்று ஆன பிறகுதான் அதற்கு வயது கணக்கிடும் பேச்சே எழ முடியும். ஈயைத் துப்புத் துலக்கப் பயன்படுத்தியது அதைவிடப் பழைய கதை. 1247-ல் சீனாவில் சோங் சி என்ற நீதி அதிகாரி எழுதிய நூலில் அது இருக்கிறது. வெட்டிக் கொல்லப்பட்டவரின் ஊரில் எல்லாருடைய அரிவாளையும் தரையில் வைக்கச் சொன்னார்கள்; ஒரே ஓர் அரிவாளில் மட்டும் ஈ மொய்த்தது. ஆனால் அது கொன்றவர் யார் என்று காட்டியது. எப்போது என்பது வேறு வித்தை.

சரி, புழுவின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? நீளத்தை அளக்கலாம். ஆனால் நீளம் ஏமாற்றும். நன்றாகத் தின்ற புழுவும் பட்டினி கிடந்த புழுவும் ஒரே வயதில் வேறு வேறு நீளம் இருக்கும். உறுதியான அடையாளம் பின்பக்கம் இருக்கிறது. புழு தலையை இறைச்சிக்குள் புதைத்துக்கொண்டு தின்னும், மூச்சு விடுவது பின்புறத்தால். அங்கே இரண்டு சின்னத் தட்டுகள், நுண்ணோக்கியில் பார்த்தால் பழுப்பாகத் தெரியும். அந்தத் தட்டில் உள்ள கீற்றுகளை எண்ண வேண்டும். புழு இரண்டு முறை தோலுரிக்கிறது, ஆக மூன்று பருவம். முதல் பருவத்தில் கீற்று சரியாகப் புலப்படுவதே கடினம். இரண்டாம் பருவத்தில் ஒவ்வொரு தட்டிலும் இரண்டு கீற்று. மூன்றாம் பருவத்தில் மூன்று. நல்ல கண் உள்ள மாணவர் ஒருவர் ஒரே பிற்பகலில் இதைக் கற்றுக்கொள்ளலாம். எத்தனை பேருடைய விடுதலை இந்தக் கீற்றுகளில் இருக்கிறது என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் வியப்பு அடங்கவில்லை.

மூன்றாம் பருவப் புழு வயிறு நிறையத் தின்ற பிறகு திடீரென்று உடலை விட்டு விலகி ஊர்ந்து போகும். சில அடி, சில சமயம் பல மீட்டர் தள்ளிப் போய் மண்ணுக்குள், கம்பளத்துக்கு அடியில், துணி மடிப்பில் ஒளிந்துகொள்ளும். அப்புறம் அதன் தோலே கெட்டியாகிக் கூடாகிறது. முதலில் வெளிறிய நிறம், ஒரு நாளுக்குள் கரும்பழுப்பு. உள்ளே உருமாறி முடிந்ததும் ஈ தன் நெற்றியில் ஒரு பையை ஊதிப் பெரிதாக்கிக் கூட்டின் மூடியைத் தள்ளிக்கொண்டு வெளியே வருகிறது. லூசிலியா செரிகேட்டா என்ற பச்சை ஈக்கு, 27 டிகிரி செல்சியஸ் அளவில், முட்டை முதல் ஈ வரை ஏறக்குறைய இரண்டு வாரம். இதனால் உடலை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவர் மிக மூத்த சாட்சிகளைத் தவற விடுகிறார். சுற்றியுள்ள மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும். காலிக் கூடு ஒன்று கிடைத்தால் ஒரு தலைமுறை பறந்து போய்விட்டது என்று பொருள், கணக்கே மாறிவிடும்.

இப்போது மிக முக்கியமான விஷயம், சூடு. ஈயின் புழுவுக்குத் தனக்கென உடற்சூடு கிடையாது. வெயிலில் வேகமாக வளரும், குளிரில் மெதுவாக வளரும், ஓர் அளவுக்குக் கீழே போனால் நின்றுவிடும். கணக்கு விளங்குவதற்காக ஓர் எடுத்துக்காட்டு. ஓர் இனம் 10 டிகிரிக்குக் கீழே வளராது என்று வைத்துக்கொள்வோம். அதற்கு மேலுள்ள ஒவ்வொரு டிகிரிக்கும் மணிக்கு ஓர் அலகு என்று எண்ணுவோம். 30 டிகிரி உள்ள இடத்தில் ஒவ்வொரு மணி நேரமும் அதற்கு 20 அலகு சேர்கிறது. 20 டிகிரியில் 10 அலகுதான். ஒரு பருவத்தை எட்ட 2,000 அலகு வேண்டுமென்றால் முதல் இடத்தில் 100 மணி நேரம் போதும், இரண்டாவது இடத்தில் 200 மணி நேரம். ஒரே தோற்றமுள்ள புழு, ஓரிடத்தில் நான்கு நாள் என்கிறது, இன்னோரிடத்தில் எட்டு நாள் என்கிறது. ஆகவே புழுவை மட்டும் ஒரு புட்டியில் போட்டு அனுப்பிவிட்டு "வயது சொல்லுங்கள்" என்றால் யாராலும் சொல்ல முடியாது. உடல் கிடந்த இடத்தின் வெப்பநிலை வேண்டும். வானிலை நிலையத்தின் பதிவு எங்கோ தொலைவில் எடுத்தது. அதனால் உடலை எடுத்த பிறகும் அதே இடத்தில் சில நாட்களுக்கு ஒரு வெப்பப் பதிவுக் கருவியை வைத்து, நிலையத்தின் எண்ணோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்கிறார்கள்.

இந்த முறைக்குப் பெயர் வாங்கித் தந்தது 1935-ல் தொடங்கிய ஒரு வழக்கு. ஸ்காட்லாந்தில் மோஃபட் என்ற ஊருக்கு அருகே, ஒரு பாலத்துக்குக் கீழே, செப்டம்பர் 29 அன்று துண்டு துண்டாக வெட்டப்பட்ட இரண்டு பெண்களின் உடல்கள் கிடைத்தன. முகம், விரல் நுனி எல்லாம் சிதைக்கப்பட்டிருந்தன. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தின் அலெக்ஸாண்டர் மியர்ன்ஸ் அதிலிருந்த கேலிஃபோரா புழுக்களைப் பார்த்து, மூத்தவற்றுக்கு 12 முதல் 14 நாள் வயது என்றார். லங்காஸ்டரில் மருத்துவராக இருந்த பக் ரக்ஸ்டனின் மனைவியும் பணிப்பெண்ணும் காணாமல் போனது அந்த மாத நடுவில். உடலைச் சுற்றியிருந்த செய்தித்தாள் போன்ற மற்றத் தடயங்களும் அதே நாட்களைக் காட்டின. 1936 மே மாதம் ரக்ஸ்டன் தூக்கிலிடப்பட்டார். அந்தப் புழுக்கள் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட்டன. இதில் ஒன்றைக் கவனியுங்கள். மியர்ன்ஸ் ஒரு தேதியைச் சொல்லவில்லை. இத்தனை முதல் இத்தனை என்று ஓர் இடைவெளியைச் சொன்னார். நேர்மையான பதில் அப்படித்தான் இருக்கும்.

ஏன் என்றால், ஈ நமக்குச் சொல்வது இறந்த நேரத்தை இல்லை. முட்டையிட்ட நேரத்தைத்தான். இரண்டும் அருகருகே இருக்கலாம், வெகுதூரம் விலகியும் இருக்கலாம். இரவில் இந்த ஈக்கள் பொதுவாக முட்டையிடுவதில்லை. கொட்டும் மழையிலும் கடும் குளிரிலும் பறப்பதில்லை. உடலைப் போர்வையில் இறுகச் சுற்றியிருந்தால், பூட்டிய அறையில் கிடந்தால், பெட்டிக்குள் அடைத்திருந்தால் ஈ வந்து சேரவே நாளாகும். அதனால் "குறைந்தது இத்தனை நாள் ஆகியிருக்க வேண்டும்" என்றுதான் சொல்ல முடியும். "சரியாக இந்த மணிக்கு" என்று கூண்டில் ஏறிச் சொல்கிறவரை நம்பாதீர்கள், அவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றவராக இருந்தாலும்.

கடிகாரத்தைக் குழப்பும் சங்கதிகள் இன்னும் உண்டு. ஆயிரக்கணக்கான புழுக்கள் ஒரே இடத்தில் திரண்டு தின்னும்போது அந்தக் கூட்டமே சூடேறும். சுற்றுப்புறத்தைவிடப் பத்து, இருபது டிகிரி கூடக் கூடும். கிரைசோமியா ரூஃபிஃபேசிஸ் என்ற ஈயின் முள் முளைத்தாற்போன்ற புழு, தனக்கு முன்னால் வந்த மற்ற இனத்துப் புழுக்களையே பிடித்துத் தின்னும். அப்போது மூத்த சாட்சியே மறைந்துவிடும். உடலைப் பிணவறைக் குளிர்பெட்டியில் வைத்த நேரமும் கணக்கில் வர வேண்டும். இறந்தவர் உட்கொண்டதும் புழுவுக்குப் போகிறது. 1988-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் கிடைத்த ஒரு பெண்ணின் உடலில் மற்றப் புழுக்கள் எல்லாம் ஏறக்குறைய ஏழு நாள் என்று காட்டின. மூக்குப் பகுதியில் எடுத்த ஒரு புழு மட்டும் 17.7 மில்லிமீட்டர் நீளம். மூன்று வாரம் என்றது. அந்தப் பெண் இறப்பதற்குச் சற்று முன் மூக்கால் கொக்கெயின் இழுத்திருக்கிறார். அந்த இடத்தில் தின்ற புழு மட்டும் கிடுகிடுவென்று வளர்ந்துவிட்டது. யாராவது அந்த ஒரு புழுவை மட்டும் எடுத்துப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

புழு இருப்பதைப் போலவே இல்லாததும் பேசும். 2001 ஜூலை 8 இரவு பத்து மணியளவில், லாஸ் வேகஸ் நகரில் ஒரு குப்பைத் தொட்டிக்கு அருகில் ஓர் ஆணின் உடல் கிடைத்தது. உடம்பெல்லாம் காயம், ரத்தம். 18 வயதுப் பெண் ஒருவரைக் கைது செய்தார்கள். அன்று பகலெல்லாம் அவர் வெகுதொலைவில் தன் பெற்றோரின் ஊரில் இருந்ததற்குச் சாட்சிகள் உண்டு. அதிகாலையில் கொலை நடந்திருந்தால்தான் அவர் செய்திருக்க முடியும். 2002-ல் தண்டனை, மேல்முறையீட்டுக்குப் பின் மறுவிசாரணை, 2006-ல் மறுபடியும் தண்டனை. உடலில் ஒரே ஒரு ஈ முட்டைகூட இல்லை என்பது யார் கவனத்திலும் நிற்கவில்லை. ஜூலை மாதப் பாலைவன வெயில், திறந்த வெளி, ரத்தக் காயம். பகல் முழுவதும் அந்த உடல் அங்கே கிடந்திருந்தால் முட்டை இல்லாமல் இருக்காது, பொழுது சாயும் நேரத்திலோ அதற்குப் பிறகோதான் இறந்திருக்க வேண்டும் என்று 2017-ல் பூச்சியியலாளர்கள் சாட்சி சொன்னார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் தண்டனை ரத்தானது. பழைய வழக்கறிஞர்கள் ஒரு பூச்சியியலாளரைக்கூட அழைக்காதது பெரும் குறை என்றார் நீதிபதி. பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பெண்ணின் வாழ்க்கையைத் தின்ற வழக்கு அது. இதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

உங்களில் காவல்துறையிலும் பிணவறையிலும் வேலை பார்க்கப் போகிறவர்கள் இருக்கிறீர்கள். பிரேதப் பரிசோதனை மேசையில் உடலை வைத்ததும் முதல் காரியமாகத் தண்ணீர் அடித்துப் புழுவைக் கழுவி விடாதீர்கள். தடயம் சாக்கடைக்குப் போகிறது. பெரியதும் சிறியதுமாக, உடலின் வெவ்வேறு பாகங்களிலிருந்து தனித்தனியாக எடுங்கள். பாதியைக் கொதிக்கும் பதத்துக்குக் கிட்ட உள்ள வெந்நீரில் சில நொடிகள் போட்டு, அப்புறம் 80 சதவீத எத்தனாலில் வையுங்கள். உயிரோடு நேராக ஆல்கஹாலில் போட்டால் புழு சுருங்கிக் கறுத்து அளவு தப்பிவிடும். மீதிப் பாதியை உயிரோடு வளர்த்து ஈயாக்க வேண்டும். சின்னப் புழுவைப் பார்த்து இனம் சொல்வதைவிட ஈயைப் பார்த்துச் சொல்வது நிச்சயம். இடம், நேரம், புழுக்கூட்டத்தின் சூடு மூன்றையும் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. இந்த ஈக்கள் இறந்தவரிடம் மட்டும் முட்டையிடுவதில்லை. படுத்த படுக்கையாகக் கிடக்கும் முதியவரின் ஆறாத புண்ணிலும், நாள்கணக்கில் மாற்றாத அணையாடையில் கிடக்கும் குழந்தையிடமும் இடும். அப்படிப்பட்டவர் பிறகு இறந்தால், புழுவின் வயது இறந்த நேரத்தைவிட அதிகமாக இருக்கும். அதைப் புரிந்துகொள்ளாமல் கணக்குப் போட்டால் இறந்த தேதி தவறாக முன்னால் போய்விடும். புரிந்துகொண்டு போட்டால், உயிரோடு இருந்தபோது எத்தனை நாள் அவரை யாரும் கழுவவில்லை, புண்ணுக்குக் கட்டு மாற்றவில்லை என்பதற்கு அந்தப் புழுவே சாட்சி. இறந்த நேரத்தில் சந்தேகமே இல்லாத உடல் என்பதால் அங்கே புழுவை எடுத்துவைக்க யாருக்கும் தோன்றாது. தோன்ற வேண்டும். புண்ணின் மேல் போட்ட கட்டுத்துணியையும் சேர்த்து எடுத்து வையுங்கள்.