அந்த மருந்து சாப்பிடலைன்னா என்ன ஆயிருக்கும்?

சேலம் அம்மாப்பேட்டையில ஒரு வாசகர் வட்டக் கூட்டத்துல நான் பேசினது இது. தம்பி ஒருத்தர் போன்ல ரெக்கார்ட் பண்ணி டைப் பண்ணிக் குடுத்தாரு. ரெண்டு மூணு இடத்துல மட்டும் நான் கை வெச்சேன், மத்தபடி பேசின மாதிரியே விட்டுட்டேன்.

எல்லாருக்கும் வணக்கமுங்க. முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல. காலேஜ்ல ஸ்டாடிஸ்டிக்ஸ் வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவன். எம்டி படிக்கிற பிள்ளைங்க தீசிஸுக்கு கணக்குப் போட என்கிட்ட வருவாங்க, அந்த வழியில தான் இந்த மருத்துவ ஆராய்ச்சிக்குள்ள நான் போய் விழுந்தது. அதனால கூட்டம் முடிஞ்சதும் ஸ்கேன் கவரைத் தூக்கிட்டு என்கிட்ட வந்துடாதீங்க, ஒரு தடவை அப்படித்தான் ஒரு ஐயா எக்ஸ்ரேவை ட்யூப்லைட்டுல தூக்கிப் புடிச்சுட்டு நின்னாரு.

ஏற்காடு போறவங்க பார்த்திருப்பீங்க, முடவாட்டுக்கால் கிழங்கு விப்பாங்க. மேல ப்ரவுனா முடி முடியா இருக்கும், அதை சீவி எடுத்துட்டு மிளகு சீரகம் பூண்டு தட்டிப்போட்டு சூப் வெச்சுத் தருவாங்க, முட்டிவலிக்கு கண்கண்ட மருந்துன்னு. எங்க தெருவுல ஒரு அண்ணன், குழித்தறிக்காரரு, காலம்பூரா மிதிபலகையை மிதிச்சு மிதிச்சு முட்டி போயிருச்சு. ஒரு நாள் உக்காந்தா எந்திரிக்க முடியல. அப்போ தான் மலைக்குப் போய் கிழங்கு வாங்கிட்டு வந்து ரெண்டு வாரம் விடாம குடிச்சாரு. வலி குறைஞ்சிருச்சு. அவரு பொய் சொல்லல, நிஜமாவே குறைஞ்சுது, நானே பார்த்தேன் நடந்து வந்தாரு.

ஆனா நான் கேக்கறது ஒரே ஒரு கேள்வி தான், இன்னைக்கு பூரா அதையே தான் கேக்கப் போறேன். சூப் குடிக்கலைன்னா என்ன ஆயிருக்கும்? முட்டிவலிங்கறது ஏறும் இறங்கும். யாரும் வலி கம்மியா இருக்கறப்ப மலை ஏறிப் போய் கிழங்கு தேட மாட்டாங்க, உச்சத்துல இருக்கறப்ப தான் போவாங்க, உச்சத்துக்கு அப்புறம் எப்படியும் கொஞ்சம் இறங்கும். அது போக அந்த ரெண்டு வாரமும் அண்ணன் தறியில இறங்கல. இதுல சூப்போட பங்கு எவ்ளோ, ஓய்வோட பங்கு எவ்ளோ, தானா இறங்கினது எவ்ளோன்னு ஒரே ஒரு முட்டியை வெச்சுக்கிட்டு யாராலயும் பிரிச்சு சொல்ல முடியாது.

உடனே நாட்டு மருந்தை கிண்டல் பண்றான்யா இந்த ஆளுன்னு நினைக்காதீங்க. இங்கிலீஷ் வைத்தியத்துக்கும் இதே கேள்வி தான். முட்டித் தேய்மானத்துக்கு சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டு உள்ள சுத்தம் பண்ற ஆபரேஷன் ஒண்ணு, அமெரிக்காவுல வருஷத்துக்கு லட்சக்கணக்குல பண்ணிட்டு இருந்தாங்க. பண்ணிக்கிட்டவங்கள்ல பாதிப் பேர் கிட்ட வலி குறைஞ்சுதுன்னு தான் சொன்னாங்க. ஹூஸ்டன்ல ஒரு ஆஸ்பத்திரியில 180 பேரை சீட்டுக் குலுக்கின மாதிரி மூணு குரூப்பா பிரிச்சாங்க. ஒரு குரூப்புக்கு சுரண்டி சுத்தம் பண்ணாங்க, இன்னொண்ணுக்கு கழுவி மட்டும் விட்டாங்க. மூணாவது குரூப்புக்கு தோலை மட்டும் கீறிட்டு, உள்ள கழுவற சத்தம் கேக்கறதுக்கு தண்ணியை சலசலன்னு ஊத்திட்டு, தையல் போட்டு அனுப்பிட்டாங்க. உள்ள ஒண்ணுமே பண்ணல! இப்படி நடக்கலாம்னு சொல்லி கையெழுத்து வாங்கிட்டு தான் பண்ணது, ஏமாத்தல. ரெண்டு வருஷம் பார்த்தாங்க, 2002ல ரிசல்ட் வந்துச்சு. மூணு குரூப்புக்கும் வலி ஒரே மாதிரி தான் இருந்துச்சு. அப்புறமும் பல வருஷம் அந்த ஆபரேஷன் ஓடிட்டுத் தான் இருந்துச்சு, 2017ல எல்லா ஆராய்ச்சியையும் சேர்த்துப் பார்த்த ஒரு சர்வதேசக் குழு முட்டித் தேய்மானத்துக்கு இது வேண்டாம்னு அழுத்தமாவே எழுதிருச்சு.

முட்டி மாத்தற ஆபரேஷன் வேற கதைங்க, ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க. டென்மார்க்ல 100 பேரை வெச்சு பண்ணாங்க, 2015ல வந்துச்சு. பாதிப் பேருக்கு முட்டி மாத்தி அதோட உடற்பயிற்சி, மாத்திரை, எடை குறைக்கறது எல்லாம். மீதிப் பேருக்கு ஆபரேஷன் இல்லாம அந்த உடற்பயிற்சி வகையறா மட்டும். ஒரு வருஷம் கழிச்சு முட்டி மாத்தினவங்களுக்கு வலி குறைஞ்சது மத்தவங்களை விட கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அடிச்சு சொல்லலாம், பலன் இருக்கு. ஆனா பெரிய பாதிப்புன்னு எழுதி வெச்சது ஆபரேஷன் பக்கம் 24, இந்தப் பக்கம் 6. இன்னொண்ணும் பாருங்க, ஆபரேஷன் இல்லாத குரூப்புல முக்கால்வாசிப் பேர் அந்த ஒரு வருஷத்துல ஆபரேஷன் கேக்கவே இல்ல. இதுல எது சரின்னு நான் சொல்லல. ரெண்டு நம்பரும் ஒரே பேப்பர்ல பக்கத்துல பக்கத்துல இருக்கணும், முடிவு நோயாளி எடுக்கட்டும். நம்ம ஊர்ல போர்டுல முதல் நம்பர் மட்டும் தான் இருக்கும்.

இந்த மாதிரி சீட்டுக் குலுக்கிப் பார்க்கறதெல்லாம் வெள்ளைக்காரன் சமாச்சாரம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். உலகத்தையே மாத்தின ஒரு ஆராய்ச்சி நம்ம மெட்ராஸ்ல நடந்தது. அப்போ காசநோய்னா நல்ல காத்து, முட்டை பால், முழு ஓய்வு, அதுக்குன்னே இருந்த சானடோரியம்ங்கற ஆஸ்பத்திரி. தாம்பரம், பெருந்துறைன்னு கொண்டு போய் விட்டுடுவாங்க, வசதி உள்ளவங்க ஏற்காட்டுல வீடு புடிச்சு உக்காருவாங்க. 1956ல மெட்ராஸ்ல ஒரு மையம் ஆரம்பிச்சு, நெருக்கடியான சின்ன வீடுகள்ல இருந்த ஏழை நோயாளிங்க 193 பேரை எடுத்து, பாதியை சானடோரியத்துக்கும் பாதியை வீட்டுக்கும் அனுப்பினாங்க, சீட்டு முறையில தான். ரெண்டு பக்கமும் அதே மாத்திரை, ஒரு வருஷம். சானடோரியத்துல சாப்பாடு நல்ல சாப்பாடு, எடை கூட அவங்களுக்குத் தான் அதிகமா ஏறுச்சு. ஆனா சளியில கிருமி போச்சான்னு பார்த்தா ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணு. வீட்டுல இருக்கறவங்களுக்குத் தொத்துமேன்னு பயந்தாங்க இல்ல, அதுவும் வீட்டு சிகிச்சை பக்கம் கூடுதலா இல்ல. 1959ல இது வெளிவந்தப்புறம் பல நாட்டுல வீட்டு சிகிச்சைக்கு மாறினாங்க, சானடோரியம் ஒவ்வொண்ணா மூடினாங்க. காத்து நல்லது தான், நான் இல்லேங்கல, ஆனா வேலையைப் பண்ணது மாத்திரை. அது தெரியறதுக்கு ரெண்டு குரூப்பு வேணும்.

அடுத்தது நம்ம ஊர்ப் பழக்கம் ஒண்ணு. "ரிப்போர்ட் நார்மல்ங்க, மருந்து நல்லா வேலை செய்யுது." ரிப்போர்ட்டுக்கா வைத்தியம்? ஹார்ட் அட்டாக் வந்து பொழைச்சவங்களுக்கு இதயத் துடிப்பு நடுவுல நடுவுல தப்பும், அப்படித் தப்பறவங்க சீக்கிரம் சாகறாங்கன்னு கண்டுபுடிச்சாங்க. துடிப்பை சீராக்கற மாத்திரை இருந்துச்சு, குடுத்தா ஈசிஜி அழகா வரும். குடுத்துட்டே இருந்தாங்க, எவ்ளோ பேருக்குன்னு கணக்கே இல்ல. கடைசியில அமெரிக்காவுல ரெண்டு குரூப்பு வெச்சுப் பார்த்தா, மாத்திரை சாப்பிட்ட 755 பேர்ல 63 பேர் செத்துட்டாங்க, மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை சாப்பிட்ட 743 பேர்ல 26 பேர். 1989லயே பாதியில நிறுத்திட்டாங்க. ஈசிஜி நல்லா இருந்துச்சு, ஆளு தான் இல்ல. இதுல கொடுமை என்னன்னா தனித்தனியா வைத்தியம் பாக்கற எந்த டாக்டருக்கும் இது தெரியவே தெரியாது, ஹார்ட் அட்டாக் வந்தவரு செத்தா நோயால செத்தாருன்னு தானே நினைப்பாங்க, மருந்து மேல யாருக்கு சந்தேகம் வரும்.

சரி, ரெண்டு குரூப்பு வெச்சாச்சு, இனி நம்பிடலாமான்னா அதுலயும் ஓட்டை இருக்கு. ஒரு பொண்ணு தீசிஸ் ஃபார்ம் கட்டைத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்துச்சு. ரப்பர் பேண்ட் போட்டு ரெண்டு கட்டு. நான் கணக்குப் போட உக்காந்தேன், ஒரு கட்டு மட்டும் மெலிசா இருக்கு. ஏம்மான்னா, "சார், அந்த குரூப்புல கால்வாசிப் பேர் ஃபாலோ அப்புக்கு வரல, அதான் எடுத்துட்டேன்"னு சாதாரணமா சொல்லுச்சு. அவங்க ஏன் வரல? சரியாயிருச்சுன்னு வரலையா, மருந்து ஒத்துக்காம வேற டாக்டர்கிட்ட போயிட்டாங்களா, ஆளே போயிட்டாங்களா? வந்தவங்களை மட்டும் எண்ணினா எந்த மருந்தும் நல்ல மருந்து தான். போன் போட்டுக் கேளும்மான்னு அனுப்பிவெச்சேன், முகத்தைத் தூக்கி வெச்சுட்டுப் போச்சு, ஆனா கேட்டுட்டு வந்துச்சு, பாராட்டணும்.

அந்தப் பொண்ணு பண்ணது அறியாம. கம்பெனிங்க தெரிஞ்சே பண்ணும். மல்கோவா கூடையில மேல மட்டும் நல்ல பழமா அடுக்கறது நமக்குத் தெரியாததா? ரெபாக்ஸெட்டின்னு மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை, ஐரோப்பாவுல பல வருஷமா வித்துச்சு. ஜெர்மனியில மருந்துங்களை மதிப்பிடற ஒரு சுதந்திர நிறுவனம் எல்லா ஆராய்ச்சியையும் குடுங்கன்னு கேட்டு உக்காந்தாங்க, பார்த்தா நோயாளிங்க தகவல்ல 74 சதவீதம் வெளியிடவே இல்ல. எல்லாத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 2010ல எழுதினாங்க, மாவு மாத்திரையை விட பலன் அதிகம் இல்ல, தொந்தரவு மட்டும் அதிகம். இப்படி மறைக்கறதைத் தடுக்கத் தான் ஆராய்ச்சி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே பதிவு பண்ணணும்னு நம்ம நாட்டுலயும் 2007ல ஒரு பதிவேடு கொண்டு வந்தாங்க, 2009ல கட்டாயமாக்கினாங்க. யாரு வேணா இன்டர்நெட்ல பாக்கலாம், ஃப்ரீ தான்.

எல்லாத்தையும் தேடி எடுத்து சேர்த்துப் பாக்கறதையே வேலையா வெச்சிருக்கற ஒரு அமைப்பு 1993ல இங்கிலாந்துல ஆரம்பிச்சது, காக்ரேன்னு பேரு, நம்ம வேலூர் சிஎம்சியிலயும் அதுக்கு ஒரு மையம் வெச்சாங்க. அவங்க சின்னத்தை யாராவது பார்த்திருக்கீங்களா? ஒரு வட்டம், நடுவுல நட்டமா ஒரு கோடு, குறுக்க ஏழு படுக்கைக் கோடு, அடியில ஒரு சின்ன வைரம். டிசைன் இல்லைங்க அது, நிஜ ரிசல்ட்டு. ஒவ்வொரு படுக்கைக் கோடும் ஒரு ஆராய்ச்சி. நடு கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தா மருந்து நல்லது, வலப்பக்கம் போனா கெடுதல், நடு கோட்டை வெட்டினா உறுதியா சொல்ல முடியல. குறைமாசத்துல பிரசவம் ஆகப் போற தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டா குழந்தையோட நுரையீரல் முதிர்ந்துரும்னு நியூசிலாந்துல ஒரு டாக்டர் செம்மறியாட்டுல பார்த்துட்டு, 1972ல தாய்மாருங்ககிட்ட பண்ணதை வெளியிட்டாரு. அதுக்கப்புறம் பல பேரு பண்ணாங்க. தனித்தனியா பார்த்தா முக்கால்வாசி கோடு நடுவுல வெட்டிட்டுப் போகும், "நிரூபணம் ஆகல"ன்னு ஒவ்வொருத்தரும் எழுதிட்டுப் போயிட்டாங்க. ஏழு ஆராய்ச்சியையும் சேர்த்தா அடியில அந்த வைரம் தெளிவா இடப்பக்கம் நிக்குது. சேர்த்துப் பார்த்து வெளிவந்தது 1989ல தான். நடுவுல எத்தனை குழந்தைங்க, நெனச்சா வயித்தை என்னமோ பண்ணும்.

இதோட முடிச்சிருந்தா கைதட்டி வீட்டுக்குப் போகலாம், ஆனா கதை முடியல. பணக்கார நாட்டு ஆஸ்பத்திரியில வேலை செஞ்ச ஊசியை கிராமத்துக்கும் கொண்டு போவோம்னு இந்தியா சேர்த்து ஆறு நாட்டுல பெரிசா பண்ணாங்க, 2015ல ரிசல்ட்டு. எடை குறைஞ்சு சின்னதாப் பிறந்த குழந்தைங்க சாவு குறையல, மொத்தமா எடுத்தா பிறந்த குழந்தைங்க சாவு கூடிப்போச்சு! அதே ஊசி. ஊசி போட்டுக்கிட்ட தாய்மாருங்க நிறைய பேருக்கு குறைமாசப் பிரசவமே ஆகல, குழந்தை பிறந்தப்புறம் பாத்துக்கற வசதியும் எல்லா இடத்துலயும் இல்ல. அப்புறம் உலக சுகாதார நிறுவனம் இந்தியா உள்பட அஞ்சு நாட்டுல ஆஸ்பத்திரிங்கள்ல மட்டும் திரும்பப் பண்ணுச்சு, 2020ல ரிசல்ட்டு. இந்த தடவை ஸ்கேன்ல மாசத்தை உறுதி பண்ணிட்டு தான் சேர்த்தாங்க, 2,852 தாய்மாருங்க. ஊசி போட்ட பக்கம் குழந்தை சாவு 19.6 சதவீதம், போடாத பக்கம் 23.5. நூத்துக்கு நாலு குழந்தை கிட்ட வித்தியாசம்.

கேள்வி நேரத்துல ஏற்காட்டுப் பக்கம் வேலை பாக்கற ஒரு நர்ஸம்மா எந்திரிச்சாங்க. "சார், எங்க மலை கிராமத்துல காபித் தோட்டத்துக்குப் போற பொண்ணுங்க பாதிப் பேருக்கு கடைசியா எப்போ மாசவிலக்காகிக் குளிச்சாங்கன்னு தேதியே தெரியாது, அஞ்சு மாசம் ஆறு மாசத்துல தான் வருவாங்க. நாங்க எந்த ரிசல்ட்டை எடுத்துக்கறது, 2015ஆ, 2020ஆ?"ன்னு கேட்டாங்க. அன்னைக்கு வந்ததுலயே நல்ல கேள்வி அது தான். நான் சொன்னேன், ஊசி போடறதா வேண்டாமாங்கறது உங்க டாக்டர் முடிவு, அதுல நான் தலையிட மாட்டேன். ஆனா 2020 ரிசல்ட்டு, எத்தனாவது மாசம்னு சரியாத் தெரிஞ்ச தாய்க்கு, குழந்தை வார்டு இருக்கற ஆஸ்பத்திரிக்கு வந்த ரிசல்ட்டும்மா. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வந்து சேர்ற பொண்ணுக்கு அது பொருந்தும், மலை மேலயே ஊசியை மட்டும் போட்டுட்டு வீட்டுக்கு அனுப்பற பொண்ணுக்குப் பொருந்தாது. மூணாவது மாசத்துக்குள்ள ஒரு ஸ்கேன் எடுக்க வெச்சீங்கன்னா நீங்க எந்தப் பக்கம் இருக்கீங்கன்னு உங்களுக்கே தெரிஞ்சுரும். "அதுக்கு மெஷின் கீழ தான் சார் இருக்கு, வாரத்துல ஒரு நாள் வண்டி வெச்சுக் கூட்டிட்டு வரணும்"னாங்க. வண்டியைப் பத்தி முன் வரிசையில இருந்த ரெண்டு பேரு அவங்ககிட்ட பேச ஆரம்பிச்சுட்டாங்க, நான் மைக்கை அடுத்தவரு கையில குடுத்துட்டு உக்காந்துட்டேன்.