ஐந்தேகால் அடி

(எங்கள் ஊர் கூடைப்பந்துக் கழகப் பரிசளிப்பு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் பேரூராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வார்டு உறுப்பினர்களே, தலைமையாசிரியர் ஐயா அவர்களே, கோப்பைகளை உபயம் செய்த பாத்திரக்கடை அண்ணாச்சி அவர்களே, மைக்செட் தம்பி அவர்களே, வணக்கம். யார் பெயராவது விட்டுப்போயிருந்தால் பொறுத்தருள வேண்டும். போன வருடம் ஒருவரை விட்டுவிட்டேன். ஆறு மாதம் அவர் கடையில் எனக்குக் கடன் கிடைக்கவில்லை.

இன்று மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். மக்ஸி போக்ஸ் என்கிற அமெரிக்க ஆட்டக்காரரின் உயரம், அவருடைய ஆட்டம், ஓய்வுக்குப் பிறகு அவர் வாழ்க்கை. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பார்கள். என் பேச்சில் இந்தப் பழமொழி வராமல் போனதில்லை என்று என் வீட்டுக்காரம்மாவே கேலி செய்வார். இன்றைக்கு அதைச் சொல்ல எனக்கு முழு உரிமை உண்டு.

அவர் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம், அதாவது ஐந்தேகால் அடி. இங்கே மூன்றாவது வரிசையில் இருக்கும் ஒன்பதாம் வகுப்புத் தம்பி அவரைவிட உயரம். அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துப் போட்டித் தொடரான என்பிஏ வரலாற்றிலேயே அவரைவிடக் குள்ளமான ஆட்டக்காரர் கிடையாது. 1987-இல் எல்லா அணிகளும் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுத்தபோது, வாஷிங்டன் புல்லட்ஸ் அணி அவரைப் பன்னிரண்டாவது ஆளாகத் தேர்ந்தெடுத்தது. அதே அணியில் மனூட் போல் இருந்தார், ஏழடி ஏழு அங்குலம். இருவரையும் பக்கத்தில் நிறுத்திப் படமெடுக்கப் பத்திரிகைக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

அதற்கு முன்னால் நடந்த ஒரு கதை. நேரில் பார்த்தவன் மாதிரிச் சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

பால்டிமோர் நகரத்து டன்பார் பள்ளியில் அவர் படித்த காலம். அணி நியூ ஜெர்சியில் இருக்கும் காம்டன் பள்ளிக்கு ஆடப்போகிறது. காம்டன் அப்போது பெரிய பெயர் எடுத்த அணி. அரங்கம் முழுக்க அந்த ஊர்க் கூட்டம். ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். நெட்டை நெட்டையாக வருகிறார்கள். கடைசியில் நம்ம ஆள் வருகிறார். கூட்டம் சிரிக்கிறது. சின்னச் சிரிப்பில்லை, நம்மூர்த் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வந்தால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு! ஆட்டம் தொடங்கியது. உயரமானவன் பந்தைத் தரையில் தட்டினால் அது அவன் இடுப்புவரை எழும்பும். அந்த இடத்தில்தான் மக்ஸியின் கை காத்திருக்கும். தட்டினான், காணோம்! மறுபடி தட்டினான், மறுபடியும் காணோம்! ஆளை மறித்துப் பறிப்பதற்கு ஆங்கிலத்தில் 'மக்' என்பார்கள். டைரோன் என்ற இயற்பெயர் கொண்ட பையனுக்கு மக்ஸி என்ற பெயர் அப்படித்தான் ஒட்டியது. அவர் பந்து தட்டினாலோ அது முழங்காலுக்கு மேலே வராது. பறிக்க நினைக்கிற நெட்டையன் குனிந்தே களைத்துப்போவான். டன்பார் பெரிய வித்தியாசத்தில் ஜெயித்தது. சிரித்த வாய்கள் என்ன ஆயின? கடுகைக் கடித்த வாய் என்ன ஆகும்? (கைதட்டல். மைக்செட் தம்பியும் தட்டினார்.)

அந்த டன்பார் அணி இரண்டு பருவம் தோல்வியே காணவில்லை. பயிற்சியாளர் பாப் வேட், பிள்ளைகளின் கையில் செங்கல்லைக் கொடுத்துப் பயிற்சி வாங்கியவர். நம்மிடம் செங்கல்லுக்கா பஞ்சம்?

1988-இலிருந்து சார்லட் ஹார்னெட்ஸ் என்ற அணியில் ஆடினார். 1993-இல் பேட்ரிக் யூயிங் என்ற ஏழடி ஆளின் ஷாட்டையே தடுத்தார். என்பிஏவில் மொத்தம் 14 பருவங்கள்.

ஆட்டத்தைப் பற்றி இன்னும் சொல்லலாம். ஆனால் எனக்கு உறுத்துவது வேறு. அவர் எங்கே கற்றார்? லஃபாயெட் கோர்ட்ஸ் என்ற ஏழைகளின் அடுக்குமாடிக் குடியிருப்பில். ஐந்து வயதில் துப்பாக்கிச் சில்லுகள் உடம்பில் பாய்ந்தன. பன்னிரண்டு வயதில் அப்பா சிறைக்குப் போனார். அந்தப் பையனுக்குப் போக்கிடமாக இருந்தது குடியிருப்பின் விளையாட்டு மையம். அந்தக் கதவு அவனுக்குத் திறந்திருந்தது, ஐயா!

நான் ஆறாம் வகுப்பு படித்த பள்ளியில் சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். தலை அந்தக் கோட்டைத் தொட்டால் கூடைப்பந்து, தொடாவிட்டால் வீட்டுக்குப் போ. நான் கோட்டுக்கு நாலு விரல் கீழே. எண்ணெய் தேய்க்காத முடியைத் தூக்கி வாரிக்கொண்டு போயும் நடக்கவில்லை. பி.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் வாங்கிக்கொள்வார். அந்தக் கோடு இன்றைக்கு நம் ஊரில் கேட்டாக மாறியிருக்கிறது. நாலரை மணிக்குப் பள்ளி மைதானத்துக்குப் பூட்டு. உள்ளே இரண்டு ரிங், நல்ல சிமெண்ட் தரை, ஆடுவதற்கு ஆளில்லை. பிள்ளைகள் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் லாரிகளுக்கு நடுவில் பந்து தட்டுகிறார்கள். தலைமையாசிரியர் ஐயாவைக் குறை சொல்லவில்லை. சாவி அவரிடம் இருக்கிறது, அனுமதி மேலே இருக்கிறது. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது, சரிதான். தாளிக்க அடுப்பு வேண்டாமா?

நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: இரவு எட்டு மணிவரை மைதானம் திறந்திருக்க வேண்டும், இரண்டு விளக்கு வேண்டும். கரண்ட் பில்லைக் கழகமே கட்டும். பேரூராட்சித் தலைவர் அம்மா தலையசைக்கிறார்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது செய்தியைச் சொல்ல நேரமில்லை. செயலாளர் இரண்டு தடவை துண்டுச்சீட்டு அனுப்பிவிட்டார். மனு வாசலில் மேசைமேல் இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். பேனா அண்ணாச்சியுடையது, மேசையிலேயே வைத்துவிடுங்கள்.