பூட்டிய வீட்டில் நிற்கும் பைக்: வைத்துக்கொள்வதா, விற்பதா?

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று செட்டிநாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் தெருவுக்கு நாலு வீடு பூட்டிக் கிடக்கும். குடும்பம் சென்னையிலோ கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், கோயில் திருவிழா, பிள்ளையார் நோன்பு என்று வந்து போவார்கள். அப்படிப்பட்ட வீடுகளின் பின்கட்டில் தார்ப்பாய் போர்த்தி ஒரு பைக் நிற்கும். அப்பச்சி (அப்பா) ஓட்டிய புல்லட், அண்ணன் காலேஜுக்குப் போன ஆர்.எக்ஸ். 100, ஊருக்கு வந்தால் கடைத்தெருவுக்குப் போகலாம் என்று வாங்கிப் போட்ட ஸ்ப்ளெண்டர், இப்படி ஏதாவது ஒன்று. வச்சுக்கலாமா, வித்துடலாமா என்ற பேச்சு ஒவ்வொரு லீவிலும் எழும். முடிவு வருவதற்குள் லீவு முடிந்துவிடும். வண்டி இன்னொரு வருஷம் அங்கேயே நிற்கும்.

அந்த ஒரு வருஷத்தில் வண்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஓடிக் கெடுகிற வண்டியைவிட நின்று கெடுகிற வண்டிதான் நம் பக்கத்தில் அதிகம்.

பெட்ரோலில் தொடங்குவோம். இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்றால் அந்தத் தண்ணீர் எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். இரும்பு டேங்க் உள்ளேயிருந்து துருப்பிடிக்கும். கார்புரேட்டர் கிண்ணத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோல் ஆவியாகி, பிசின் மாதிரி ஒரு படிவை விட்டுப் போகும். அது, எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் பைலட் ஜெட்டின் ஊசித்துளையை அடைத்துவிடும். சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்ததும் அணைந்துவிடுகிறது என்று பல பேர் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் இந்த அடைப்புதான். எத்தனால் அதிகமுள்ள பெட்ரோலை நினைத்துச் செய்யப்படாத பழைய வண்டிகளில் பெட்ரோல் பைப்பும் கார்புரேட்டரின் ஓ-ரிங்குகளும் ஊறி உப்பும், பிறகு வெடித்து ஒழுகும்.

அடுத்தது பேட்டரி. சார்ஜ் இறங்கிய நிலையில் நிற்கும் ஈயப் பேட்டரியின் தகடுகளில் சல்பேட் உறைந்து கட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் நிற்காது. துருவும் பேட்டரியும் சின்ன விஷயமில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்டு, காரைக்குடியில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இன்றுவரை ஆராய்கிற பொருள்களில் இவை இரண்டும் உண்டு.

எலி ஒயரைக் கடிக்கும். சைலன்சர் வாய்க்குள் குளவி மண்கூடு கட்டும். டார்ச் அடித்துப் பார்த்தால் உள்ளே செம்மண் உருண்டை ஒட்டியிருப்பது தெரியும். சைடு ஸ்டாண்டில் காற்றிறங்கி நின்ற டயர் ஒரே இடத்தில் அழுந்தித் தட்டையாகும். முன்பக்க ஃபோர்க்கின் ஆயில் சீல் காய்ந்து, ஓட்டத் தொடங்கிய முதல் வாரத்திலேயே ஒழுகும்.

ஆகவே, ஊருக்கு வந்ததும் பூட்டைத் திறந்து கிக்கரை மிதிக்காதீர்கள். பழைய பெட்ரோலை முழுவதும் வடித்துவிடுங்கள். கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் திருகைத் தளர்த்தி அதையும் வடியுங்கள். டேங்க் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே செம்பழுப்பாகத் தூள் தெரிந்தால் டேங்கைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்யக்கூடாது. பிளக்கைக் கழற்றி, துளைக்குள் ஒரு டீஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு, சாவியை ஆஃபில் வைத்து, கிக்கரைக் கையால் மெதுவாகப் பத்துத் தடவை அழுத்துங்கள். கிக்கர் இறங்கவே இல்லை என்றால் பிஸ்டன் ரிங் போரோடு (பிஸ்டன் ஓடும் சிலிண்டரின் உட்சுவர்) துருவில் ஒட்டியிருக்கலாம். அப்போது காலால் ஏறி மிதித்தால் ரிங் உடையும், போரில் கீறல் விழும். டீசலும் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து துளைக்குள் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் டாப் கியரில் போட்டுப் பின்சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்தால் பல வண்டிகளில் விட்டுக்கொடுக்கும். எஞ்சின் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். பால் ஊற்றிய டீ நிறத்தில் இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி வண்டிக்கு ஒரு லிட்டருக்குள்தான் ஆயில் பிடிக்கும். அதை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வண்டி ஸ்டார்ட் ஆனபிறகுதான் வைப்பதா விற்பதா என்று யோசிக்க வழி பிறக்கும். ஆனால் பேட்டரி, டயர், செயின் ஸ்பிராக்கெட், பிரேக் ஷூ, கேபிள், கோன் செட் (ஹேண்டில் கழுத்து பேரிங்) இவை எல்லாம் போயிருப்பதைப் பார்த்து மலைத்து விற்றுவிடாதீர்கள். இவை எப்படியும் தேய்கிற சாமான்கள். கவனிக்க வேண்டியது எஞ்சினையும், வண்டியின் எலும்புக்கூடான சேசிஸையும்தான்.

நாலு ஸ்ட்ரோக் எஞ்சினின் புகையைப் பாருங்கள். காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப்புகை வந்து சற்று நேரத்தில் நின்றுவிட்டால் வால்வு சீல் காய்ந்திருக்கும்; சின்ன வேலை. எஞ்சின் சூடானபிறகு ஆக்சிலேட்டரைத் திருகும்போதெல்லாம் நீலமாக அடித்தால் ரிங்கும் போரும் தேய்ந்துவிட்டன. போர் வேலை, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் வேலை என்றால், இதற்குமுன் எத்தனை தடவை போர் அடித்திருக்கிறது என்று பழைய மெக்கானிக்கிடம் கேளுங்கள். ஓவர்சைஸ் பிஸ்டன் கால் மில்லிமீட்டர் கால் மில்லிமீட்டராக ஒரு மில்லிமீட்டர் வரைதான் போகும். கடைசி அளவும் போட்டாகிவிட்டது என்றால் இனி ஸ்லீவ் மாற்ற வேண்டும் அல்லது புது பிளாக் தேட வேண்டும். லோடு ஏறும்போது அடியிலிருந்து டொக் டொக்கென்று சத்தம் வந்தால் கனெக்டிங் ராடு பேரிங். எஞ்சினை முழுக்க இறக்கிப் பிரிக்க வேண்டிய வேலை அது. ரெண்டு ஸ்ட்ரோக் வண்டியான ஆர்.எக்ஸ். 100க்கு இந்தப் புகைக் கணக்கு ஒத்துவராது, பெட்ரோலோடு 2டி ஆயிலும் எரிவதால் கொஞ்சம் புகை இருக்கத்தான் செய்யும். அதில் பார்க்க வேண்டியது தனியாக இருக்கும் 2டி ஆயில் டேங்கில் ஆயில் இருக்கிறதா, பம்ப் வேலை செய்கிறதா என்பது. ஆயில் இல்லாமல் பத்து கிலோமீட்டர் ஓட்டினால் பிஸ்டன் ஜாம் ஆகிவிடும்.

சேசிஸுக்குக் கொத்தனார் நூல் போதும். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்டில்பாரை நேராக வைத்து, பின்டயரின் இரு ஓரமும் தொடும்படி நூலை இழுத்து முன்டயர் வரை கொண்டுபோங்கள். இரண்டு பக்கமும் முன்டயருக்கும் நூலுக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் அதிகம் ஒதுங்கினால் முதலில் செயின் அட்ஜஸ்டரில் பின்சக்கரம் நேராக இருக்கிறதா என்று சரிபாருங்கள். அதன்பிறகும் ஒதுங்கினால் எப்போதோ விழுந்து சேசிஸ் அல்லது ஃபோர்க் வளைந்திருக்கிறது. அந்த வண்டியை வைத்துக்கொள்ள வேண்டாம் என்பது என் கருத்து. விற்கும்போது அதை மறைக்கவும் வேண்டாம்.

இனி ரெக்கார்டு. ஆர்.சி.யில் பதிவு எந்தத் தேதி வரை செல்லும் என்று பாருங்கள். 15 வருஷம் முடிந்த வண்டிக்கு எஃப்.சி. (தகுதிச் சான்று) பார்த்து, பசுமை வரி கட்டி, ஐந்து வருஷத்துக்குப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் படிவம் 25. சேசிஸ் நம்பர் துருவில் அழிந்திருந்தால் ஆய்வாளர் முன்னால் நிற்கும்போது சிக்கல் வரும். ஆகவே ஹேண்டில் கழுத்துப் பக்கம் பொறித்திருக்கும் நம்பரை மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்பாருங்கள். எஞ்சின் நம்பரையும் பாருங்கள். எப்போதோ எஞ்சின் மாற்றி ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தால் அது இப்போதுதான் தெரியவரும். பெங்களூரில் பதிவான கே.ஏ. வண்டியை இங்கே கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்தாக வேண்டும். அப்பச்சி பேரிலேயே ஆர்.சி. இருந்து அவர் காலமாகிவிட்டார் என்றால், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு படிவம் 31 கொடுத்து முதலில் ஒருவர் பேருக்கு மாற்றுங்கள். வைத்துக்கொண்டாலும் விற்றாலும் இதைத் தவிர்க்க முடியாது. அண்ணன் தம்பிகள் எல்லோரும் ஊரில் சேர்ந்திருக்கிற நாளில் கையெழுத்து வாங்கிவிடுவது நல்லது. அடுத்த தடவை ஒருவர் வரமாட்டார்.

பழைய வண்டி, வைத்திருந்தால் விலை ஏறும் என்பார்கள். ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி 1996இல் நின்றதால் நல்ல நிலையில் இருப்பதற்கு விலை இருக்கிறது, உண்மைதான். ஆனால் அந்த விலை ஒரிஜினல் டேங்க், ஒரிஜினல் எஞ்சின், நடப்பில் உள்ள ஆர்.சி. மூன்றும் இருக்கிற வண்டிக்கு. துருப்பிடித்து நிற்கும் வண்டிக்கு அது வராது. 2021 ஜூலையில் வந்த விதிப்படி விண்டேஜ் என்று பதிவு செய்ய 50 வருஷம் ஆகியிருக்க வேண்டும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமானும் எனாமல் பாத்திரமும் வருஷக்கணக்கில் காத்திருந்து விலைபோகும். பைக் அப்படிக் காத்திருக்காது.

ஆக, நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். பதினைந்து நாளுக்கு ஒரு தடவை இந்த வண்டியை இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர் ஓட்ட, லைசென்ஸ் உள்ள ஒருவர் ஊரில் இருக்கிறாரா? காரைக்குடியிலிருந்து பிள்ளையார்பட்டி போய்த் திரும்பினால் அந்தத் தூரம் ஆகிவிடும். வாசலில் நிறுத்தி ஐந்து நிமிஷம் ஸ்டார்ட்டில் விடுவதை ஓட்டமாக எண்ணக்கூடாது. எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமல், எரியும்போது உண்டாகும் தண்ணீர் ஆயிலிலும் சைலன்சரிலும் தங்கிவிடும். அது சும்மா நிற்பதைவிடக் கெடுதல். அப்படி ஒரு ஆள் இருக்கிறார் என்றால் வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸ் போடுங்கள். 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 முதல் 150 சிசி வரை மூன்றாம் நபர் பிரீமியம் 714 ரூபாய், 350 சிசி வரை 1,366 ரூபாய், வரி தனி. ஓட்டுகிறவரின் லைசென்ஸை ஒரு தடவை கையில் வாங்கிப் பாருங்கள். லைசென்ஸ் இல்லாதவரிடம் வண்டி கொடுத்தால் உரிமையாளருக்கும் அபராதம் உண்டு.

ஆள் இல்லை என்றால் விற்றுவிடுங்கள். பாசம் இருக்கிறது, விற்க மனசு வராது, எனக்குப் புரிகிறது. அந்தப் பாசம் இருந்தால் வண்டி ஓடுகிற நிலையில் இருக்கும்போதே அதை ஓட்டுகிற ஒருவர் கையில் கொடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் திரும்ப வருவது உறுதி என்றால் மட்டும் நிறுத்தி வைக்கலாம். டேங்கை வடித்து, கார்புரேட்டர் காயும்வரை ஓட்டி அணைத்து, பேட்டரியைக் கழற்றி, மெயின் ஸ்டாண்டில் போட்டு, முன்சக்கரம் தரையில் படாமல் மரக்கட்டை வைத்து, சைலன்சர் வாயைத் துணியால் அடைத்துவிட்டுப் போங்கள்.

விற்கும்போது பெரிய தப்பு நடப்பது காகிதத்தில். கன்சல்டிங்கிலோ (பழைய வண்டி வாங்கி விற்கும் கடை) தெரிந்தவரிடமோ வண்டியைக் கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுத் தருவது இங்கே சாதாரணம். அந்த வண்டி நாலு கை மாறும். கடைசியில் ஒரு விபத்து நடந்தால் ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 50ஆம் பிரிவின்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் தெரிவிக்க வேண்டும், வாங்கியவர் 30 நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். ஆகவே வாங்குபவரின் பெயர், முகவரி நிரப்பிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். அவருடைய ஆதார் நகல், போட்டோ வாங்குங்கள். வண்டியை ஒப்படைத்ததற்கு எழுதும் டெலிவரி நோட்டில் தேதியோடு மணியையும் எழுதுங்கள், ஓடிய கிலோமீட்டரையும் எழுதுங்கள். மாலை 5 மணிக்குக் கொடுத்த வண்டி 6 மணிக்கு மோதினால் அந்த ஒரு வரிதான் உங்களுக்குச் சாட்சி. பேங்க் கடன் முடித்தும் ஆர்.சி.யில் அடமானக் குறிப்பு நீங்காமல் இருக்கலாம்; படிவம் 35 கொடுத்து முதலில் அதை நீக்குங்கள். இ-சலான் பாக்கி இருக்கிறதா என்று மத்திய அரசின் பரிவாஹன் தளத்தில் வண்டி எண் போட்டுப் பாருங்கள்.

எதற்கும் உதவாத வண்டி என்று இரும்புக்கடைக்குப் போட்டாலும் ஆர்.சி.யை ரத்து செய்யாமல் போடாதீர்கள். உயிரோடு இருக்கும் ஆர்.சி.யும் நம்பர் பிளேட்டும் வேறு ஏதோ ஒரு வண்டியில் ஏறிவிடும்.

விற்ற ஒரு மாதம் கழித்து அதே தளத்தில் வண்டி எண்ணைப் போட்டு உரிமையாளர் பெயர் மாறிவிட்டதா என்று பாருங்கள். மாறவில்லை என்றால் வாங்கியவருக்குப் போன் போடுவதோடு விடாமல், டெலிவரி நோட்டின் நகலை வைத்து ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து, கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பெயர் மாறும்வரை அந்தக் காகிதங்கள் உங்கள் வீட்டுப் பீரோவில் இருக்கட்டும்.

வணக்கம்.