கான்கிரீட்டில் ஒரு கடைசல் எந்திரம்

நேயர்களுக்கு வணக்கம்.

சம்பா அறுவடை மும்முரமாக நடக்கும் நாட்களில் அறுவடை எந்திரத்தில் தண்டைத் தாங்கும் உலோக வளையமான புஷ் ஒன்று தேய்ந்துபோனால், டெல்டாவின் உட்கிராமத்து விவசாயி அதைக் கடைந்து வாங்க மன்னார்குடிக்கோ கும்பகோணத்துக்கோ பேருந்து ஏற வேண்டியிருக்கிறது. வெல்டிங் பட்டறை சிற்றூர்களுக்கும் வந்துவிட்டது, லேத் எனப்படும் கடைசல் எந்திரம் வரவில்லை. அதன் விலையும் எடையுமே தடை. எடையில் பெரும்பங்கு ‘பெட்’ எனப்படும் வார்ப்பிரும்பு அடித்தளத்தினுடையது. அந்தப் பெட்டைக் கான்கிரீட்டில் நாமே வார்த்துக்கொள்ளலாம் என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

யோசனை பழையதுதான். முதல் உலகப் போரின்போது, பீரங்கிக் குண்டுகளைக் கடையப் போதிய எந்திரங்கள் இல்லாத நிலையில், லூசியன் யோமன்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் கான்கிரீட் உடல் கொண்ட லேத்துகளை உருவாக்கினார்.

கான்கிரீட்டின் விறைப்பு வார்ப்பிரும்பில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான்; ஆனால் பெட்டின் உயரத்தை இருமடங்காக்கினால் வளைவுக்கு எதிரான விறைப்பு எட்டு மடங்காகும் என்பதால், பருமனாக வார்ப்பதன் மூலம் அந்தக் குறையை ஈடுகட்டிவிடலாம். அதிர்வை அடக்குவதிலும் கான்கிரீட் கெட்டிக்காரப் பொருள். நாச்சியார்கோயில் குத்துவிளக்குப் பட்டறைகளில் கடைசல் பிடித்தவர்களுக்கு இதன் அருமையை நான் சொல்ல வேண்டியதில்லை. உளி அதிர்ந்தால் பித்தளையில் வரி விழும். கான்கிரீட் இழுவிசைக்கு மட்டும் தாங்காது. ஆகவே பெட்டின் நீளத்துக்குக் குழாய்களைப் பதித்து, அவற்றுள் மரை போட்ட கம்பிகளைச் செலுத்தி, கான்கிரீட் இறுகிய பிறகு இரு முனைகளிலும் நட்டுகளை முறுக்கி அழுத்தத்தில் நிறுத்த வேண்டும். நாகை, வேதாரண்யம் பக்கத்து நேயர்கள் கடற்கரை மணலைக் கலக்கவே கூடாது. அதிலுள்ள உப்பு கம்பியைத் தின்றுவிடும்.

பலர் அவசரப்படும் இடம் அடுத்தது. 28 நாள் நீராற்றிய பிறகும் கான்கிரீட் உலர உலரப் பல மாதங்கள் சுருங்கிக்கொண்டே இருக்கும். கருவி நகரும் எஃகுத் தண்டுகளை வார்க்கும்போதே பதித்துவிட்டால், அந்தச் சுருக்கம் அவற்றின் நேரைக் கெடுக்கும். எனவே பெட்டைத் தனியே வார்த்துக் காயவிட்டு, பிறகு தண்டுகளை இணையாக நிறுத்தி, சுருங்காத கிரவுட் கலவையை அடியில் ஊற்றிப் பிடிக்கச் செய்ய வேண்டும். நுட்பம் முழுவதும் இந்தக் காத்திருப்பில் இருக்கிறது. விலை உயர்ந்த பொருளில் இல்லை.

நம் களிமண் நிலம் மழையில் ஊதும், கோடையில் வெடிக்கும். அதன்மேல் போட்ட தளமும் அசையும். தளத்தோடு நான்கு மூலையிலும் போல்ட் போட்டு இறுக்கினால், தளத்தின் திருகல் பெட்டுக்கும் ஏறும். முக்காலியைப் போல மூன்று இடங்களில் மட்டும் தாங்கவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

மிச்சமாகும் பணத்தை, கடையும் பொருளைச் சுழற்றும் சுழல்தண்டுக்குச் செலவிடுங்கள். பழைய பாகக் கடையில் கிடைக்கும் டிராக்டர் சக்கர ஹப்பும், புதிதாக வாங்கிய டேப்பர் ரோலர் பேரிங் இரண்டும் போதும். அந்த வகை பேரிங் பக்கச் சுமையையும் நெடுக்குத் தள்ளலையும் சேர்த்தே தாங்கும். நிமிடத்துக்கு 1440 சுற்று சுழலும் மோட்டாரில் 2 அங்குலப் புல்லியும் சுழல்தண்டில் 8 அங்குலப் புல்லியும் போட்டால், சுழல்தண்டு 360 சுற்று சுழலும்.

சோதிப்பதற்கு, ஒரு தடித்த இரும்புக் கம்பியை மறுமுனையில் தாங்கல் கொடுக்காமல், சுழல்தண்டின் கவ்வியான சக்கில் பிடித்து, 150 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு வளையங்கள் புடைத்து நிற்கும்படி இடைப்பகுதியைக் கடைந்து குறைத்து, உளியின் நிலையை மாற்றாமல் இரண்டையும் மெல்லச் சீவி, மைக்ரோமீட்டரால் அளந்து பாருங்கள். விட்டங்களின் வித்தியாசத்தில் பாதியே அந்த நீளத்துக்குரிய கோணல். சுழல்தண்டுத் தலையின் போல்ட்டுகளைத் தளர்த்தி, இம்மியளவு திருப்பி, மீண்டும் சீவிப் பார்க்க வேண்டும்.

மரை வெட்டுவதற்கு வழிநடத்தும் திருகும் பற்சக்கரங்களும் தேவை. அவற்றைப் பின்னர் சேர்க்கலாம். புஷ் கடையவும், தேய்ந்த பம்பு ஷாஃப்டை வெல்டிங்கால் நிரப்பி மறுபடி அளவுக்குக் கொண்டுவரவும் இந்த அமைப்பே போதும். மோட்டாருக்கு எர்த் கொடுத்து, தோளில் துண்டில்லாமல் நின்று வேலை பாருங்கள். வணக்கம்.