வானத்துத் தபால்காரர்

பிரெஞ்சு எழுத்தாளர் அந்த்வான் து செந்த்-எக்சுபெரியைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதுமே முன்வரிசையில் ஒருவர், "குட்டி இளவரசன்தானே!" என்றார். அதேதான், ஆனால் இன்று அந்தப் புத்தகத்தைத் தொடப்போவதில்லை. அதை எழுதுவதற்கு எவ்வளவோ முன்னால் அவர் விமானத்தில் தபால் மூட்டை சுமந்தவர், நான் பேச வந்தது அந்தத் தபால்காரரைப் பற்றி.

1926-இல் பிரான்சின் துலூசில் லாத்தேகோயேர் விமானக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். பிரபுக் குடும்பத்துப் பிள்ளைதான், ஆனாலும் அங்கே தித்யே தோரா என்ற மேலாளர் யாராக இருந்தாலும் முதலில் ஒர்க்‌ஷாப்பில் என்ஜின் சிலிண்டர் துடைக்க விடுவார், அதற்கப்புறம்தான் விமானம். அந்த விமானங்களும் முதல் உலகப் போரில் மிச்சமானவை, நடுவழியில் என்ஜின் நின்றுபோவது சகஜம், அதனால் சகாராவின் மேல் இரண்டிரண்டாகத்தான் பறப்பார்கள். ஒன்று விழுந்தால் மற்றது இறங்கி ஆளைத் தூக்கிக்கொள்ளும். பாலைவனக் குழுக்களிடம் மாட்டினால் பணயத்தொகை கேட்பார்கள். 1927-இல் சகாராக் கரையோரத்துக் கேப் ஜூபி விமான நிலையத்துக்குப் பொறுப்பாளராகப் போனபோது அப்படிப் பிடிபட்டவர்களுக்காகப் பேரம் பேசுவதும் அவர் வேலையாக இருந்தது. முதல் நாவலை அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்.

அப்புறம் அர்ஜென்டினா, அங்கேயும் விமானத் தபால்தான். பகலெல்லாம் ரயிலையும் கப்பலையும் முந்திக்கொண்டு விமானம் மிச்சம் பிடித்த நேரம், இருட்டியதும் இறங்கி நின்றால் அவ்வளவும் போச்சு, ரயில் ராத்திரியும் ஓடுமே! ஆகவே ராத்திரியும் பறக்க வேண்டும், ரேடார் இல்லாத காலத்தில். 1931-இல் வந்து ஃபெமினா பரிசு வாங்கிய 'இரவுப் பயணம்' இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்த நாவல்தான். அதில் ரிவியேர் என்ற அதிகாரி, மூடுபனியால் தாமதமானாலும் விமானியின் போனஸை வெட்டுவார். எனக்கு அந்த ஆளைப் பிடிக்காது, இப்போதும். ஆனால் புயலில் சிக்கிய விமானி ஃபாபியன் அரை மணி நேரப் பெட்ரோலோடு மேகத்துக்கு மேலே ஏறி நட்சத்திரங்களைப் பார்க்கிற பக்கங்களைப் படித்துவிட்டு, அவன் திரும்பாத அதே ராத்திரியில் ஐரோப்பாவுக்கான தபாலைக் கிளப்பு என்று ரிவியேர் சொல்வதைப் படிக்கும்போது அவரைத் திட்டவும் வாய் வருவதில்லை.

1935 கடைசியில் சைகோனுக்குப் பறக்கும் வழியில் லிபியப் பாலைவனத்தில் விழுந்து, தண்ணீரில்லாமல் அலைந்து பிழைத்த கதை பலருக்கும் தெரியும், அதை விட்டுவிடுகிறேன்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் 44 வயது. பழைய விபத்துகளில் உடம்பு நொறுங்கி, விமான உடையைக்கூட யாராவது மாட்டிவிட வேண்டும் என்ற நிலை. சிறப்பு அனுமதி வாங்கிக்கொண்டு, 1944 ஜூலை 31 அன்று கோர்சிகாவிலிருந்து உளவுக்காகப் படமெடுக்கும் ஆயுதமில்லாத விமானத்தில் கிளம்பினார், திரும்பவில்லை. 1998-இல் மார்சேய் பக்கத்தில் ஒரு மீனவர் வலையில் வெள்ளிக் கைச்சங்கிலி ஒன்று சிக்கியது. அதில் செந்த்-எக்சுபெரியின் பெயர், மனைவி கொன்சுவேலோவின் பெயர், அப்புறம் கடித உறையில் எழுதுவதுபோல மே/பா போட்டு நியூயார்க் பதிப்பகத்தின் முகவரி.