உப்பு குறைந்ததா, தண்ணீர் கூடியதா?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வட்டார மருத்துவ அலுவலர் அவர்களே, ஊராட்சித் தலைவர் அம்மா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த உரிமையாளர் அண்ணாச்சி அவர்களே, தூறலையும் பார்க்காமல் வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம். செவிலியர் சகோதரிகள் பின்னால் நிற்கிறீர்கள். முன்வரிசையில் இடம் இருக்கிறது, வந்து உட்காருங்கள். நீங்கள் உட்கார்ந்த பிறகு பேசுகிறேன்.

மூன்று விஷயம் சொல்ல வந்தேன். ஹார்ட் ஃபெயிலியர், அதாவது இதயம் பலவீனமாகிப் போதிய இரத்தத்தை அனுப்ப முடியாத நோய், உள்ளவர்களுக்கு இரத்தத்தில் சோடியம் என்ற உப்புச் சத்து ஏன் குறைகிறது, அதற்கு என்ன வைத்தியம், புது மருந்துகள் எந்த அளவுக்கு உதவும். என் பழமொழி உங்களுக்குத் தெரியும்: அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு. இன்றைக்கு அந்த அமிர்தம் தண்ணீர்.

சோடியம் லிட்டருக்கு 135 முதல் 145 மில்லிமோல் இருக்க வேண்டும். பலவீனமான இதயம் போதிய இரத்தத்தை அனுப்பாதபோது, தண்ணீர் வற்றிவிட்டது என்று உடம்பு எடுத்துக்கொள்கிறது. வாசோபிரஸின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, சிறுநீரகம் தண்ணீரை வெளியே விடுவதில்லை, தாகமும் எடுக்கிறது. கொதிக்கிற ரசத்தில் இன்னும் இரண்டு சொம்பு தண்ணீர் ஊற்றினால் சப்பென்று ஆகிவிடுமே, அதுதான் நடக்கிறது. போட்ட உப்பு எங்கும் போகவில்லை. இந்த நோயாளிகளின் உடம்பில் மொத்த உப்பு பெரும்பாலும் கூடுதலாகவே இருக்கும்.

ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் என்னிடம் வைத்தியம் பார்த்துவந்தார். வெளியே ஒரு லேபில் பரிசோதித்ததில் சோடியம் 124. "உப்பு குறைஞ்சுபோச்சாம்" என்று தெரு முழுக்கச் செய்தி. மைத்துனர் ஒரு ஜாடி நார்த்தங்காய் ஊறுகாயோடு வந்தார். மருமகள் மோரில் உப்பை அள்ளிப் போட்டுக் கொடுத்தாள். பக்கத்து வீட்டுக்காரர் தினமும் இளநீர். பொட்டாசியத்தை உடம்பில் தேக்கிவைக்கும் ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இளநீரின் பொட்டாசியமே ஆபத்து! சம்பந்தி வீட்டிலிருந்து கருவாடு. எல்லாரும் பாசத்தில்தான் செய்தார்கள். உப்பு தின்றால் தண்ணீர் குடிக்கத்தானே வேண்டும்? குடம் குடமாகக் குடித்தார். கால் வீங்கி, படுக்க முடியாமல், விடிய விடிய உட்கார்ந்தபடி மூச்சு வாங்கி, கடைசியில் ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு!

அவருக்கு உப்பைக் குறைத்தோம், தண்ணீரை அளந்து கொடுத்தோம். காபி, கஞ்சி, மோர் எல்லாம் அந்தக் கணக்கில் சேரும். நீரை வெளியேற்றும் ஃபுரோசமைட் மருந்தை ஊசியில் போட்டோம். நீர் இறங்கியது, சோடியம் ஏறியது. இருக்கிற மாத்திரைகளையும் பார்க்க வேண்டும். தயசைடு வகை நீர் மாத்திரைகளே சிலருக்குச் சோடியத்தை இறக்கிவிடும். வலிப்பு வந்தால், நினைவு தப்பினால்தான் அடர்ந்த உப்புக் கரைசல், அதுவும் ஆஸ்பத்திரியில் மட்டும். நாள்பட்டுக் குறைந்த சோடியத்தை ஒரே நாளில் 8, 10 மில்லிமோலுக்கு மேல் ஏற்றினால் மூளைத் தண்டு நரம்புகளின் உறை சிதைந்து, பேச்சும் கைகாலும் போய்விடலாம். வேகத்துக்கும் என் பழமொழி பொருந்தும்.

புது மருந்துக்கு வருகிறேன். டோல்வாப்டான் தண்ணீரை மட்டும் வெளியேற்றும். 2007-இல் வெளியான, எவரெஸ்ட் என்று பெயர் வைத்த இந்த மருந்தின் ஆய்வில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகள். எடை இறங்கியது, சோடியம் ஏறியது, ஆனால் உயிரிழப்பு குறையவில்லை. இன்னும் சொல்ல இருக்கிறது. செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சரி, நான் வந்த காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் கண்டக்டர் வீடு திரும்பும்போது, தினமும் எடை பாருங்கள் என்றேன். வீட்டில் மெஷின் இல்லை. அவர் மனைவி விடிந்ததும் அவரைப் பழைய பேப்பர் கடைத் தராசுக்கு அழைத்துப் போனார்! காலையில் சிறுநீர் கழித்துவிட்டு, காபிக்கு முன்னால் பார்க்க வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் உடனே டாக்டரிடம் போக வேண்டும். மூச்சு முட்டுவதற்கு முன்பே பல நேரம் எடை காட்டிக்கொடுத்துவிடும்.

2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இன்று வீடு தேடி வந்து பிரஷர், சுகர் மாத்திரை தருகிறது. அதே கைகள் ஹார்ட் ஃபெயிலியர் நோயாளி உள்ள ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் எடை மெஷின் கொண்டுவந்து தர வேண்டும், எடை எழுத ஒரு நோட்டும் தர வேண்டும். அலுவலர் அவர்களே, இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். மனு வாசல் மேசையில் இருக்கிறது. சாப்பிடப் போகும் முன் எல்லாரும் கையெழுத்துப் போடுங்கள், ஊராட்சித் தலைவர் அம்மா முதல் கையெழுத்துப் போட வேண்டும். நன்றி, வணக்கம்.